தண்ணீர் பீய்ச்சும் சோதனை: லேபுக்கு அனுப்பலாமா, பட்டறையிலேயே பார்க்கலாமா?

வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை உள்ள தோல் கம்பெனிகளுக்குப் பேனல் போர்டும் ஸ்டார்டர் பெட்டியும் செய்து கொடுக்கிறவர்களுக்கு வரும் ஆர்டரில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘பெட்டி ஐபி 65, சோதனைச் சான்றுடன்.’ தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் பெட்டி எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண்தான் ஐபி. பஸ்பார் அளவு, காண்டாக்டர் ரேட்டிங் என்று மற்ற எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு விலை சொல்லிவிடலாம். இந்த ஒரு வரிக்கு என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு வழியில் போகிறோம். ஒருவர் பெட்டியை லாரியில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்புகிறார். ஒருவர் சான்றுள்ள ரெடிமேட் பெட்டியை வாங்கி உள்ளே சாமான் மாட்டிக் கொடுக்கிறார். ஒருவர் பட்டறை வாசலில் பம்பும் குழாயும் வைத்துத் தானே சோதிக்கிறார். இன்னொருவர் கார் கழுவுகிற மெஷினைக் கொண்டுவந்து அடித்துப் பார்த்து, ‘தண்ணீர் போகவில்லை’ என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுக்கிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடலுக்கு ஒரு முறை லேப். அப்புறம் வெளியே போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டறையில், சரியான நாசில் (தண்ணீர் பீய்ச்சும் குழாய்முனை) வைத்துச் சோதனை. சின்ன ஜங்ஷன் பாக்ஸ் என்றால் ரெடிமேட். கார் கழுவும் மெஷின் எதற்கும் வேண்டாம். லேபில் பாஸான பெட்டி ஒன்று, கஸ்டமர் வீட்டு வாசலில் இறங்கும் பெட்டி வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை யார் மூடுவது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எண்ணுக்குள் இருக்கும் கணக்கு

இந்த எண்களெல்லாம் வருவது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிலையிலிருந்து. இந்தியாவில் அதையே ஐஎஸ்/ஐஇசி 60529 என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஐபி என்பதற்குப் பின்னால் வரும் முதல் எண் தூசுக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. இரண்டாவது எண் 4 என்றால் எந்தப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீர். 5, 6 இரண்டும் நாசிலிலிருந்து பீய்ச்சும் தண்ணீர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முக்கி வைப்பது.

பீய்ச்சும் சோதனையில் 5-க்கு நாசில் துளை 6.3 மி.மீ., நிமிடத்துக்கு 12.5 லிட்டர். 6-க்குத் துளை 12.5 மி.மீ., நிமிடத்துக்கு 100 லிட்டர். இரண்டுக்கும் தூரம் ஒன்றுதான், 2.5 முதல் 3 மீட்டர். பெட்டியின் வெளிப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1 நிமிடம் வீதம் அடிக்க வேண்டும். எவ்வளவு சின்னப் பெட்டியானாலும் 3 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

காகிதத்தில் 5-க்கும் 6-க்கும் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். தண்ணீரில் அப்படி இல்லை. துளையின் பரப்பையும் லிட்டரையும் வைத்துக் கணக்குப் போட்டால் 5-ல் தண்ணீர் வினாடிக்கு ஏறக்குறைய 6.7 மீட்டர் வேகத்தில் வருகிறது, 6-ல் 13.6 மீட்டர். தண்ணீர் எட்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்கு. அப்படியென்றால் கதவைத் தள்ளும் விசை பதினாறு மடங்கு. ஐபி 65-ல் சுலபமாகப் பாஸான கதவு ஐபி 66-ல் நடுவில் உள்வாங்கி, பூட்டுக்கும் பூட்டுக்கும் இடையில் கேஸ்கெட்டை (கதவோரத்தில் ஒட்டும் அடைப்புப் பட்டையை) விட்டுவிடுவது இதனால்தான். அதனால் ‘65 வாங்கிவிட்டோம், 66 கேட்டால் அதையே காட்டிக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 6 பாஸானதால் 7-ம் பாஸ் என்று ஆகாது. 7 பாஸானதால் 5, 6 பாஸ் என்றும் ஆகாது. முக்கி வைக்கும்போது தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்துகிறது. பீய்ச்சும்போது ஓர் இடத்தில் குத்துகிறது. இரண்டையும் தாங்கும் பெட்டிக்கு இரண்டு குறியீடும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.

பாஸ் என்றால் என்ன என்பதிலும் பலருக்குக் குழப்பம் உண்டு. ஐஇசி 60529-ன்படி ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது என்று இல்லை. போன தண்ணீர் கெடுதல் செய்யக் கூடாது: மின்சாரம் ஓடும் பாகத்தைத் தொடக் கூடாது, இன்சுலேஷன் மேல் படிந்து கசிவுக்கு வழி விடக் கூடாது, கேபிள் முனையில் தேங்கக் கூடாது. இதை லேப் எப்படித் தீர்மானித்தது என்பது ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரநிலையான நீமா 4 கேட்கும் வாடிக்கையாளர் என்றால் கதையே வேறு. அங்கே ஒரு அங்குல நாசில், நிமிடத்துக்கு 65 கேலன், அதாவது ஏறக்குறைய 240 லிட்டர். உள்ளே தண்ணீரே இருக்கக் கூடாது.

ரெடிமேட் பெட்டி

முதலில் இதை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் பெரிய விவாதம் இல்லை. ஜங்ஷன் பாக்ஸ், ஒரு மோட்டாருக்கான புஷ் பட்டன் ஸ்டேஷன், லிமிட் சுவிட்ச் பெட்டி மாதிரி சின்னச் சாமான்களுக்குப் பாலிகார்பனேட் அல்லது எஃப்ஆர்பி (இழை சேர்த்த பிளாஸ்டிக்) பெட்டியை ஐபி 66 சான்றோடு வாங்குவதுதான் லாபம். நாம் தகடு வெட்டி, மடித்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, கேஸ்கெட் ஒட்டி அந்த விலைக்குக் கொண்டுவர முடியாது. தோல் கம்பெனிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சைத்தோல் உப்புப் போட்டு வருகிறது. ஊறவைக்கும் இடத்தில் அந்த உப்புத் தண்ணீர் தகட்டுப் பெட்டியைச் சீக்கிரம் தின்றுவிடும். 304 ஸ்டெயின்லெஸ்கூட அங்கே புள்ளி புள்ளியாக அரிக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலை கிடையாது.

ஆனால் வாங்கிய பெட்டியில் நாம் போடும் முதல் துளையோடு அந்தச் சான்றின் பலம் பாதி போய்விடுகிறது. 22.5 மி.மீ. துளையில் மாட்டும் புஷ் பட்டனுக்குத் தனியாக ஐபி உண்டு. கதவில் வெட்டி வைக்கும் 96×96 மீட்டருக்கும் தனி ஐபி உண்டு. பல மீட்டர்களின் முன்பக்கம் பெட்டியின் ஐபி-க்கு ரொம்பக் கீழே இருக்கும். ஃபில்டர் வைத்த ஃபேன் போட்டால் பெரும்பாலும் ஐபி 54 தான். மொத்தப் பெட்டிக்கும் இதில் எது குறைவோ அதுதான் கணக்கு. பேனல்களுக்கான தரநிலை ஐஇசி 61439-ம் இதைத்தான் எதிர்பார்க்கிறது: சான்று பெற்ற காலிப் பெட்டியை வாங்கினால் மறுபடி சோதிக்காமல் மதிப்பீடு செய்து ஏற்கலாம், ஆனால் வெளிப்பக்கம் செய்த எந்த மாற்றமும் அந்தப் பாதுகாப்பைக் குறைக்கவில்லை என்று காட்ட வேண்டும். மீட்டரை உள்ளே வைத்துக் கதவில் கண்ணாடி ஜன்னல் போடுவது, கேபிளை அடிப்பக்கமாக மட்டும் ஏற்றுவது என்ற இரண்டையும் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

லேப்

எலக்ட்ரிக்கல் சாமானுக்கு நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் பெங்களூரில் உள்ள சிபிஆர்ஐ (மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம்). அதைத் தவிர, லேப்களை அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்-லின் அங்கீகாரம் உள்ள தனியார் லேப்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. போகும்முன் அந்த லேபின் அங்கீகாரப் பட்டியலில் ஐஇசி 60529 இருக்கிறதா, நம் பெட்டியின் அளவு அவர்கள் இடத்தில் நிற்குமா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

லேபுக்குப் போகாமல் முடியாத விஷயம் ஒன்று உண்டு: முதல் எண். தூசுச் சோதனைக்கு டால்கம் பவுடரைச் சுழல விடும் அறை வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 2 கிலோ பவுடர். முதல் எண் 6 என்றால் பெட்டிக்குள் காற்றை உறிஞ்சி, உள் அழுத்தத்தை வெளியே உள்ளதைவிட 2 கிலோபாஸ்கல் வரை குறைத்து, 8 மணி நேரம் வரை ஓட்டுவார்கள். இதைப் பட்டறையில் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஐபி 65 என்று எழுதும்போது அந்த 6-க்கு ஆதாரம் லேப் ரிப்போர்ட் ஒன்றுதான்.

மூன்றாம் ஆள் சொல்வதற்கு ஒரு மதிப்பும் உண்டு. பெல் நிறுவனத்தின் ராணிப்பேட்டை ஆலை மாதிரி பெரிய இடங்களுக்குச் சப்ளை செய்ய நினைப்பவர் நம் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டிப் பயனில்லை.

லேபின் குறை அதன் தன்மையிலேயே இருக்கிறது. அது டைப் டெஸ்ட். புதிய, சுத்தமான ஒரு சாம்பிளைச் சோதித்து அந்தச் சாம்பிள் பாஸ் என்று சொல்கிறது. அதற்கு அப்புறம் நாம் செய்யும் நூறாவது பெட்டியில் கேஸ்கெட் ஒட்டிய பையன் புதிது, கதவு மடித்த அன்றைக்கு டை தேய்ந்திருந்தது என்பதெல்லாம் லேபுக்குத் தெரியாது. பேனல் தரநிலையும் ஒவ்வொரு பேனலுக்கும் செய்யும் வழக்கமான சோதனையில் இதற்குக் கண்ணால் பார்ப்பதை மட்டுமே கேட்கிறது.

அதனால் லேபுக்கு எதை அனுப்புகிறோம் என்பதில் நேர்மை வேண்டும். ஒரு ஓட்டையும் போடாத காலிப் பெட்டியை அனுப்பிச் சான்று வாங்கி, இருபது கட் அவுட் (பட்டன், மீட்டருக்கு வெட்டும் துளை) போட்ட பேனலோடு அதை இணைப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்தப் பேனல் முன்னால் ஈரத் தரையில் நின்று பட்டன் அழுத்துகிறவர் ஒரு தொழிலாளி. நம்மிடம் உள்ள மாடல்களில் மோசமானதைத் தேர்ந்தெடுங்கள்: பெரிய கதவு, அதிகக் கட் அவுட், அதிகக் கிளாண்ட் (கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் சாமான்). கேபிள் துண்டுகளைக் கிளாண்டில் மாட்டி, சுவரில் எப்படி மாட்டுவோமோ அப்படி மாட்டிக் கொடுங்கள். அது பாஸானால் சின்னதைப் பற்றிக் கவலையில்லை.

வாங்குகிற தோல் கம்பெனி மெயின்டனன்ஸ் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ரிப்போர்ட் வந்ததும் கடைசிப் பக்கத்தில் ‘பாஸ்’ என்று இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். சாம்பிள் விவரம் எழுதிய வரியையும் போட்டோவையும் பாருங்கள். டிராயிங் நம்பர், பெட்டி அளவு, கிளாண்ட் இருந்ததா என்ற மூன்றும் உங்கள் பேனலோடு ஒத்துப்போக வேண்டும்.

கார் கழுவும் மெஷின்

‘அவ்வளவு பிரஷர் தாங்கிவிட்டது, 65 என்ன, 69-ஏ போடலாம்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸ் ஸ்டேஷன் மெஷின் 100 பார் அளவில் அழுத்தம் கொடுக்கும், ஆனால் நிமிடத்துக்கு வரும் தண்ணீர் சில லிட்டர்தான். அதுவும் விசிறி மாதிரி விரிந்து வரும். 3 மீட்டர் தூரத்தில் நின்று அடித்தால் பெட்டிமேல் விழுவது சாரல். அதில் பாஸானால் ஐபி 65-க்குத் தேவையான சோதனையே நடக்கவில்லை என்று பொருள். கிட்டப் போய் அடித்தால் நல்ல கேஸ்கெட்டையும் பிய்த்துவிடும். அதில் ஃபெயிலானால் பெட்டி மோசம் என்றும் சொல்ல முடியாது. பாஸிலும் பொய், ஃபெயிலிலும் பொய்.

உயர் அழுத்தத்துக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. 2013-ல் ஐஇசி 60529-ல் சேர்த்த 9 என்ற எண் அது. 80 டிகிரி வெந்நீர், 80 முதல் 100 பார், நிமிடத்துக்கு 14 முதல் 16 லிட்டர், ஒரு சாணுக்கும் குறைந்த தூரத்திலிருந்து. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மையும் தரையையும் பிரஷர் வாஷரால் கழுவும் தோல் கம்பெனிகளில் இதைக் கேட்கிறார்கள். என் கருத்து, பெட்டியை 9-க்கு உயர்த்தச் செலவு செய்வதைவிடப் பெட்டியைக் கழுவும் கையெட்டாத தூரத்துக்கு நகர்த்துவதோ, முன்னால் ஒரு மறைப்புத் தகடு வைப்பதோ மேல். இடம் இல்லாதபோது மட்டும் 9.

பட்டறையில் சொந்த ரிக்

ரிக் என்றால் நாமே பட்டறையில் அமைக்கும் சோதனை ஏற்பாடு. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. பெரிய இயந்திரம் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் அதிகம், அப்படி ஒன்றும் இல்லை.

வேண்டியவை: தண்ணீர்த் தொட்டி, மோனோபிளாக் பம்பு, பைபாஸ் வால்வு, ரோட்டாமீட்டர் (ஓடும் தண்ணீரின் அளவு காட்டும் மீட்டர்), ஒரு பிரஷர் கேஜ், ஹோஸ், இரண்டு பித்தளை நாசில். நாசிலின் படம் அளவோடு தரநிலையிலேயே இருக்கிறது. லேத்தில் கடைந்து கொடுக்கச் சொல்லலாம். உள்பக்கம் வழவழப்பாக, வாயில் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் தண்ணீர் நாசிலை விட்டதுமே சிதறும். 100 லிட்டருக்கு நாசிலில் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் போதும். குழாய் இழப்பையும் சேர்த்து 20 மீட்டர் ஹெட்டில் வினாடிக்கு 1.7 லிட்டர் தரும் பம்பு என்று கேட்டால் ஒரு ஹெச்பி-க்குள் கிடைக்கும். ஹெச்பி-யை மட்டும் பார்த்து வாங்காமல் பெயர்ப்பலகையில் உள்ள ஹெட்டையும் லிட்டரையும் பாருங்கள். கிணற்றுக்கு வைக்கும் அதிக ஹெட் பம்பில் இந்த அளவு தண்ணீர் வராது.

ரோட்டாமீட்டரை நம்பலாம், ஆனால் பேரலை வைத்தும் சரிபாருங்கள். ரசாயனம் வரும் 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல் இந்த ஊரில் எங்கும் கிடைக்கும். நன்றாகக் கழுவி, 200 லிட்டர் கோட்டை அளந்து போட்டு, 12.5 மி.மீ. நாசிலைத் திறந்து ஸ்டாப்வாட்சைப் போடுங்கள். சரியாக 2 நிமிடத்தில் கோட்டைத் தொட வேண்டும். 5 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம் என்பதால் 6 வினாடி முன்பின் ஆகலாம். 6.3 மி.மீ. நாசிலுக்கு 25 லிட்டர் கேன், அதற்கும் அதே 2 நிமிடம். தண்ணீரின் வடிவத்தையும் பார்க்க வேண்டும்: 2.5 மீட்டர் தூரத்தில் ஜெட்டின் நடுத்தண்டு சின்ன நாசிலுக்கு 4 செ.மீ., பெரியதற்கு 12 செ.மீ. வட்டத்துக்குள் அடங்க வேண்டும்.

தண்ணீர் வீணாகும் என்ற பயம் வேண்டாம். தரையைச் சாய்த்துத் தொட்டிக்கே திருப்பிவிட்டால் அதே தண்ணீரைச் சுற்றவிடலாம். 2 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் உள்ள பேனலுக்கு அடிப்பக்கம் போக வெளிப்பரப்பு 6.5 சதுர மீட்டர். அதற்கு ஆறரை நிமிடம், 650 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி தாராளம். ஆனால் பாலாற்றங்கரை போர்வெல் தண்ணீரின் கடினம் நமக்குத் தெரிந்ததுதான். அதை ஊற்றினால் நாசில் வாயில் சுண்ணாம்பு படிந்து துளை சுருங்கும். சோதித்த பெட்டியில் வெள்ளைப் பூத்துப்போகும். நல்ல தண்ணீராகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பம்புக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர்) கட்டாயம். சோதிக்கும் பெட்டிக்குள் சப்ளை எதுவும் இருக்கக் கூடாது.

சோதிக்கும் விதம்: பெட்டிக்குள் ஆறு பக்கமும் வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். தாளில் இங்க் பேனாவால் நெருக்கமாகக் கோடுகள் போடுங்கள். பால்பாயின்ட் கூடாது, தண்ணீர் பட்டால் கலையும் மை வேண்டும். கதவைப் பூட்டி, கிளாண்டில் கேபிள் மாட்டி, 3 மீட்டரில் நின்று எல்லாப் பக்கமும் அடியுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெதுவாக நகர்த்த வேண்டும். மேல் விளிம்பு, கீல், பூட்டு, கிளாண்ட் பிளேட் ஆகிய இடங்களைத் தவறவிடக் கூடாது.

அடித்து முடித்தபின் வரும் சில நிமிடங்கள்தான் தீர்ப்பைச் சரியாகவோ தப்பாகவோ ஆக்குகின்றன. கதவின் விளிம்பில், கேஸ்கெட்டுக்கு வெளியே உள்ள பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அவசரப்பட்டுத் திறந்தால் அது உள்ளே வழிந்து நல்ல பெட்டியும் ஃபெயிலாகத் தெரியும். வடியவிடுங்கள், துணியால் சுற்றித் துடையுங்கள், மேல் விளிம்பைத் திரும்பத் துடையுங்கள், அப்புறம் மெதுவாகத் திறங்கள்.

இப்போது தாளைப் படிக்கலாம். மேலிருந்து மை கீழே ஓடியிருந்தால் கதவு மேல்பக்கம் நெளிந்திருக்கிறது, அல்லது கேஸ்கெட் அங்கே அமுங்கவில்லை. பக்கத்தாள்கள் காய்ந்திருந்து அடித்தாள் மட்டும் நனைந்திருந்தால் கிளாண்ட். பெரும்பாலும் கேபிள் மெல்லியது, கிளாண்ட் பெரியது. பின்தாளில் வட்டமாகக் கறை இருந்தால் சுவரில் மாட்டும் போல்ட் துளையில் வாஷர் இல்லை. மூலையில் மட்டும் கறை என்றால் கேஸ்கெட் ஜாயின்ட். ஒட்டும்போது கேஸ்கெட்டை இழுத்து ஒட்டினால் சில நாளில் அது சுருங்கி ஜாயின்ட் வாய் பிளக்கும். மூலையில் வளைத்து இழுத்தால் அங்கே மெலிந்துபோகும். ஜாயின்டை மூலையில் வைக்காமல், கதவின் கீழ்ப்பக்க நடுவில் வையுங்கள். மெஷினில் நேராக ஊற்றும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் கேஸ்கெட்டில் இந்தத் தொல்லை குறைவு. இந்த விவரம் எதுவும் ‘பாஸ்’, ‘ஃபெயில்’ என்ற ஒரு வார்த்தைச் சான்றில் கிடைக்காது. சொந்த ரிக்கை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுதான் காரணம். பையனைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கையில் கொடுத்தால் அடுத்த பெட்டியில் எதைத் திருத்த வேண்டும் என்று அவனுக்கே தெரியும்.

சொந்த ரிக்கின் எல்லையையும் மறைக்கக் கூடாது. அதை வைத்துச் சான்று தர முடியாது. ‘எங்கள் பட்டறையில் இந்த நாசில், இத்தனை லிட்டர், இத்தனை நிமிடம்’ என்று சோதனைப் பதிவு தரலாம். அதை லேப் ரிப்போர்ட்டோடு இணைத்துக் கொடுத்தால் கஸ்டமருக்கு இரண்டும் சேர்ந்து அர்த்தமாகும்.

இரண்டிலும் பிடிபடாத ஒன்று: வேலூர் வெயில்

கத்திரி வெயிலில் மொட்டை மாடியிலோ சுத்திகரிப்பு நிலையத்தின் திறந்த வெளியிலோ நிற்கும் தகட்டுப் பெட்டிக்குள் காற்று 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் திடீரென்று கோடை மழை கொட்டி, சட்டென்று 30-க்கு இறங்குகிறது. பெட்டி முழுக்க இறுக்கமாக மூடியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 9 கிலோபாஸ்கல் குறையும். அது 90 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். இரண்டாவது எண் 7-க்கு முக்கி வைக்கும் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது! கேஸ்கெட் மேலும் கிளாண்ட் மேலும் மழைத்தண்ணீர் நிற்கும் அதே நேரத்தில் பெட்டி அதை உள்ளே உறிஞ்சுகிறது. எங்காவது சின்ன வழி இருந்தால் தண்ணீர் அதில் ஏறிவிடும்.

சோதனைக்கூடத்தில் இது தெரியாது. சோதிக்கும் தண்ணீரின் வெப்பநிலை பெட்டியின் வெப்பநிலையிலிருந்து 5 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. சோதனை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருப்பதற்காக வைத்த விதி அது, சரியான விதியும்கூட. நம் ஊர் மே மாதம் அதில் வராது என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும்.

‘ஐபி 66 பெட்டிதான், ஆனாலும் உள்ளே தண்ணீர் நிற்கிறது’ என்ற புகாரில் நான் முதலில் கேட்பது பெட்டி வெயிலில் நிற்கிறதா என்பதைத்தான். ஆமாம் என்றால் கேஸ்கெட்டை மாற்றிப் பயனில்லை. காற்றை விட்டுத் தண்ணீரை விடாத வென்ட் பிளக், அதுவும் ஐபி 66 உள்ளது, போட வேண்டும். மேலே இடைவெளி விட்டு ஒரு நிழல் தகடு வைக்க வேண்டும். அடியில் வடிகால் பிளக் வைத்தால், அது பொருத்திய நிலையிலேயே பெட்டியைச் சோதிக்க வேண்டும்.

சொந்த ரிக் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு வசதி. பெட்டியை மதியம் வரை வெயிலில் நிறுத்தி, சூடாக இருக்கும்போதே அடித்து, அப்படியே ஆறவிட்டுத் திறந்து பாருங்கள். இது தரநிலைச் சோதனை இல்லை. ஐபி எண்ணோடு சேர்த்து எழுதக் கூடாது. ஆனால் இந்த ஊரில் வெளியில் நிற்கப்போகும் பெட்டியைப் பற்றி லேப் ரிப்போர்ட் சொல்லாத ஒன்றை இது சொல்லிவிடும்.

யாருக்கு எது

மாதத்துக்குச் சில பெட்டிகள், ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் செய்பவர் சான்றுள்ள காலிப் பெட்டியை வாங்கட்டும். துளை போடும் வேலையைக் கவனமாகச் செய்து, 6.3 மி.மீ. நாசிலை மட்டுமாவது வைத்து முடிந்த பெட்டியைச் சோதிக்கட்டும். அதற்குச் சின்னப் பம்பும் நாற்பது லிட்டர் தண்ணீரும் போதும். நாலைந்து நிலையான அளவில் தொடர்ந்து செய்பவருக்கு லேப் செலவு கட்டுபடியாகும். பெரிய மாடலை அனுப்பிச் சான்று வாங்கிவிட்டு இரண்டு நாசிலோடும் ரிக் வைத்துக்கொள்ள வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட்டிலும் காட்பாடிப் பக்கமும் பட்டறைகள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நாலு பேர் சேர்ந்து ஒரு ரிக்கைப் பொதுவில் வைத்துக்கொண்டால் ஆளுக்கு வரும் செலவு அற்பம்.

எந்த எண்ணைக் கேட்பது என்பதில், டிரம் வரிசைக்குப் பக்கத்திலும் ஹோஸால் கழுவும் இடத்திலும் 66. கட்டடத்துக்குள் தண்ணீர் படாத எம்சிசி (மோட்டார் கட்டுப்பாட்டுப் பேனல்) அறைக்கு 54-ஏ போதும், அங்கே 65 கேட்டுச் சூட்டை உள்ளே அடைத்து வைத்தால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. டிரைவ்தான் பாதிக்கப்படும். வெளியில் வெயிலில் நிற்பதற்கு 66-ம் வென்ட் பிளக்கும் நிழல் தகடும். தண்ணீர்ச் சோதனையில் பாஸான பெட்டி அரிப்பையும் தாங்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுண்ணாம்புக் கழிவும் சல்ஃபைடும் உள்ள இடத்தில் வரும் வாயு தாமிரத்தைக் கறுக்க வைக்கும். அதற்கு ஐபி எண்ணில் பதில் கிடையாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேனல்களை ஜெட் வைத்துச் சோதிக்க முடியாது. அவற்றுக்கு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் ஷட்டவுனில், சப்ளையை நிறுத்திவிட்டுத் தாள் சோதனை செய்யுங்கள். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, கேஸ்கெட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் வைத்துக் கதவைப் பூட்டி இழுக்க வேண்டும். தாள் சுலபமாக வரும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். கதவைச் சுற்றி ஒரு ஜாண் இடைவெளியில் பார்த்துக்கொண்டே போனால் ஒரு பெட்டிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. குறி விழுந்த இடத்தில் பூட்டை இறுக்கியோ கேஸ்கெட்டை மாற்றியோ மறுபடி தாளை இழுத்துப் பாருங்கள்.